ஜனவரி முதலாம் திகதிப் பிறப்பு

உம்மாவின் கடவுச்சீட்டு 2021இல் காலாவதியாகிவிட்டது. கொரோனா காலம். யாரும் எங்கும் போகவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. உம்றாவுக்குப் போகவேண்டும் என்று அவர் வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் அலுமாரியைத் திறந்து பார்த்தோம். கடவுச்சீட்டைப் ‘புதுப்பித்தல்’ என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, எங்கள் நாட்டில் பழைய புத்தகத்தில் முத்திரை குத்தித் தருவதில்லை, புதுப் புத்தகம்தான். அதற்குப் பழைய புத்தகம், தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் மூன்றும் வேண்டும். முதலிரண்டும் கையில் இருந்தன. மூன்றாவது இல்லை. உண்மையைச் சொன்னால், மூன்றாவது என்றைக்குமே எங்களிடம் இருக்கவில்லை. அதற்குப் பதிலாக 1993இல் புத்தளத்தில் எடுத்த உத்தேச வயதுச் சான்றிதழ் ஒன்று இருந்தது. புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வீடு மாறிய சமயத்தில் அதைக் கறையான் முடித்துவிட்டது.

2025 செப்டெம்பர் முதலாம் திகதி யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தில் கடவுச்சீட்டு அலுவலகம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பென்றால் வவுனியாவுக்கு அல்லது பத்தரமுல்லைக்குப் போகவேண்டும். இனி வேலை லேசு என்று நினைத்து உம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். விண்ணப்பத்தைச் சரிபார்த்த இளைஞர் பொறுமைசாலி. பழைய புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “அம்மா, புத்தளத்தில இருந்து அந்த வயதுச் சான்றிதழின்ர பிரதி ஒண்டு எடுத்தா வேலை முடிஞ்சுது” என்றார். சரியான ஆலோசனைதான். ஆனால் உம்மா அந்தப் புத்தகத்தில் பிறந்த இடம் என்று அச்சிட்டிருந்ததை அப்போதுதான் கேட்டறிந்தார். “நான் புத்தளத்தில பிறக்கேல்ல தம்பி. நான் நயினாதீவு” என்றார்.

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் எதற்கு என்று வீட்டுக்கு வந்து யோசித்ததில் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் எண்ணைப் பற்றி. எங்கள் பழைய அடையாள அட்டை எண்ணில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த வருடம். அடுத்த மூன்று இலக்கமும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500ஐக் கூட்டுவார்கள். உம்மாவின் எண் 55501 என்று தொடங்கும். அதாவது 1955ஆம் ஆண்டு, முதலாம் நாள், பெண். ஜனவரி முதலாம் திகதி. தில்லையடியில் நாங்கள் இருந்த கொட்டில் வரிசையில் ஜனவரி முதலாம் திகதி பிறந்த மனுசர் பலர் இருந்தார்கள். என் சினேகிதன் ஒருவனின் உம்மா, வாப்பா இருவருமே அந்த நாளில் பிறந்தவர்கள். சின்ன வயதில் இதை நாங்கள் பகிடியாகச் சொல்லித் திரிந்தோம். இத்தனை பேர் ஒரே நாளில் எப்படிப் பிறக்க முடியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை; எல்லாருக்கும் காரணம் தெரியும்.

வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றி இவ்விதழ் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1990 ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரியில் தொடங்கி, மன்னார், முல்லைத்தீவு என்று பரவி, ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்துக்கு வந்தது. ஒலிபெருக்கி அறிவிப்பு, ஜின்னா மைதானம், இரண்டு மணித்தியாலம். விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து அப்படி வெளியேற்றியவர்களின் தொகை 75,000 வரை என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. எனக்கு அப்போது பத்து வயது. மைதானத்தில் தாகமாக இருந்ததும், உம்மா என் கையை நோகப் பிடித்திருந்ததும்தான் எனக்கு ஞாபகம். எங்கள் றங்குப்பெட்டி சோனகத் தெரு வீட்டிலேயே நின்றுவிட்டது. காணி உறுதி, காவின், எங்கள் எல்லாருடைய பிறப்புச் சான்றிதழ், வாப்பாவின் கடைக் கணக்குக் கொப்பி எல்லாம் அதற்குள்.

அந்தக் காலத்தை ஆராய்பவர்கள் கவனிக்காமல் விட்ட ஒரு விசயம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு வெளியே போக விரும்பும் எவரும் அன்றைக்குப் புலிகளிடம் ‘பாஸ்’ எடுக்கவேண்டும். பிணை நிற்க ஆள் வேண்டும். பாஸ் கிடைக்காமல் தவித்த தமிழ்க் குடும்பங்களின் கதைகள் எத்தனையோ உண்டு. பாஸ் இல்லாமல் போகவிட்ட ஒரே சனம் நாங்கள். உள்ளே வைத்திருக்க வேண்டியவர்களுக்குத்தான் பத்திரம் எழுதுவார்கள் போலும். வெளியே தள்ளப்படுகிறவனைப் பதிவதற்கு யாரும் கொப்பி திறப்பதில்லை. அதனால்தான் எங்கள் வெளியேற்றத்துக்கு வெளியேற்றியவர்களின் பட்டியல் என்று எதுவும் இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்த இடத்து நிவாரணப் பட்டியல்கள்தான் ஆதாரம்.

1990க்கு முன் உம்மா அடையாள அட்டை எடுக்கவில்லை. “வாப்பாவோட போனா யார் கேக்கிற?” என்பார். புத்தளத்துக்கு வந்த பிறகு எல்லாரும் கேட்டார்கள். சோதனைச் சாவடியில் கேட்டார்கள், நிவாரண அரிசிக்குக் கேட்டார்கள். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறப்புப் பதிவு இருக்கும் யாழ்ப்பாணமோ அப்போது போக முடியாத ஊர். பிறப்புப் பதிவு இல்லை என்றால் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அதுதான் உத்தேச வயதுச் சான்றிதழ். வைத்தியர் ஒருவர் உம்மாவின் முகத்தைப் பார்த்து “முப்பத்தெட்டு” என்றாராம். கணக்குப் பார்த்தால் வருடம் சரி! நாளுக்கும் மாதத்துக்கும் என்ன செய்வது? ஜனவரி முதலாம் திகதி. பிறந்த இடத்தை யார் புத்தளம் என்று போட்டார்கள் என்பது உம்மாவுக்கும் தெரியாது. விண்ணப்பம் நிரப்பித் தந்தவர் வதிவிடத்தையும் பிறந்த இடத்தையும் ஒன்றாக எழுதியிருக்கலாம். நூறு பேர் நிற்கும் வரிசையில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பத்திரத்தை வைத்து அட்டை வந்தது. அந்த அட்டையை வைத்து 2011இல் கடவுச்சீட்டு வந்தது. ஒரு உத்தேசம் மூன்று பத்திரம் ஏறி உறுதியான கதை இது.

நயினாதீவுக்கு வருகிறேன். பத்திரம் என்ற பேச்சில் அந்தத் தீவுக்குத் தனி இடம் உண்டு. நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவினது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இதை வாசித்து வெளியிட்டார். ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், பரதேசிகள் வந்து இறங்கவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது அது. கப்பல் உடைந்துபோனால் என்ன செய்வது என்பதற்கும் விதி இருக்கிறது: யானை, குதிரை ஏற்றிவந்த கப்பலென்றால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்கு ஏற்றிவந்ததென்றால் சரிபாதி. இந்த ஏற்பாட்டைக் கல்லிலும் செம்பிலும் எழுதுவித்ததாகவும் கல்வெட்டு சொல்கிறது. செம்புப் பிரதி போய்விட்டது. கல் நிற்கிறது. அந்நியனுக்கு இந்தக் கரையில் என்ன உரிமை என்று எழுதிவைத்த பத்திரம் ஒன்று, என் உம்மா பிறந்த தீவில் எண்ணூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது.

நம் ஆட்கள் சிலர் இதை முஸ்லிம்களைப் பற்றிய கல்வெட்டு என்று மேடையில் சொல்லிவிடுகிறார்கள். அப்படி அதில் இல்லை. பரதேசிகள் என்றுதான் இருக்கிறது. குதிரை வாணிகத்தில் அக்காலத்தில் அரபிகளுக்கு இருந்த பங்கை வைத்து, அந்தப் பரதேசிகளுக்குள் முஸ்லிம்களும் இருந்திருப்பர் என்று ஊகிக்கலாம். அந்த ஊகம் நியாயமானது. ஆனால் அதுவும் ஒரு உத்தேசச் சான்றிதழ்தான். அதை வைத்து அடையாள அட்டை எடுத்துவிடக் கூடாது.

அதன் பிறகு வந்தவர்களின் பத்திரங்களில் தீவுகளின் பெயர்களே மாறின. போர்த்துக்கேயர் யானை ஏற்றிய துறையை ‘யானைகளின் துறை’ என்ற பொருளில் தங்கள் மொழியில் அழைத்தார்கள். அதில் துறை என்ற சொல் மட்டும் தேய்ந்து ‘கய்ட்ஸ்’ என்று இன்றைக்கும் ஆங்கிலத்தில் நிற்கிறது. ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களையே கொண்டுவந்து வைத்தார்கள். வேலணையும் ஊர்காவற்றுறையும் சேர்ந்த தீவு லெய்டன், காரைதீவு அம்ஸ்ரடாம், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டடாம், நயினாதீவு ஹார்லெம். இவற்றில் நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ற் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஹார்லெமில் பிறந்தேன் என்று நயினாதீவார் எவரும் சொன்னதில்லை. ஆனால் அந்தக் காலத்து வரைபடத்தைப் பார்த்தால் அப்படித்தான்.

பிறப்பு இறப்புப் பதிவு இலங்கையில் 1867இல் ஆங்கிலேயர் தொடங்கியது. அன்றிலிருந்து, பெயரில்லாத சனத்துக்கும் ஒரு வரி கிடைத்தது. தீவகத்து முஸ்லிம்களைப் பற்றி நான் இதை முக்கியமாகச் சொல்கிறேன். யாழ்ப்பாணச் சோனகத் தெருவுக்காவது எழுதப்பட்ட வரலாறு உண்டு. நயினாதீவு, மண்கும்பான் போன்ற இடங்களில் சிறு தொகையாக வாழ்ந்தவர்களுக்கு ஒரு பள்ளிவாசலும் ஒரு மையவாடியும்தான் மிச்சம். அரசரும் இல்லை, புலவரும் இல்லை. ஆனால் பதிவாளரின் கொப்பியில் அவர்களின் ஒவ்வொரு பிறப்பும் இருக்கிறது.

அந்தக் கொப்பியில் ஒரு கூண்டு இருக்கிறது. எங்கள் பிறப்புச் சான்றிதழில் தகப்பன், தாய் விபரத்துக்குக் கீழே, பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவரது பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம் கேட்பார்கள். தகப்பன் இலங்கையில் பிறக்காதவரென்றால் பூட்டனாரைப் பற்றி இன்னொரு கூண்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் சான்றிதழைப் பார்க்கும்போதெல்லாம் இது எதற்கு என்று நினைப்பேன். காரணம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். அந்த வருடம் நவம்பர் 15இல் அமுலுக்கு வந்த அந்தச் சட்டத்தின்படி, இங்கே பிறந்தவர் என்பது மட்டும் போதாது. தகப்பன் இங்கே பிறந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இருவருமே இங்கே பிறந்திருக்கவேண்டும். மலையகத் தமிழர் 7 இலட்சம் பேரளவில் நாடற்றவர்களானது இந்தச் சட்டத்தால். அது எல்லாருக்கும் தெரியும். இதே சட்டம் கீழக்கரை, தொண்டி, காயல்பட்டினத் தொடர்பு உள்ள கரையோர முஸ்லிம் குடும்பங்களின் நெஞ்சிலும் புளியைக் கரைத்தது என்பதை நாங்கள் குறைவாகத்தான் பேசியிருக்கிறோம். குடிசன மதிப்பில் ‘இலங்கைச் சோனகர்’, ‘இந்தியச் சோனகர்’ என்று இரண்டு கூண்டு இருந்தது. ஒரே பள்ளியில் தொழுதவர்கள், ஒரே சஹனில் சாப்பிட்டவர்கள், இரண்டு கூண்டில் விழலாம்.

அதுவரைக்கும் இந்தியக் கரைக்குப் போய்வரக் கடவுச்சீட்டே கேட்டதில்லை. 1949 நவம்பரில் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அந்தக் கடலுக்குக் கதவு வைத்தார்கள். எங்கள் குடும்பம் சங்கு குளிக்கக் கீழக்கரையிலிருந்து வந்தது என்பது உம்மா சொல்லும் கதை. எந்தத் தலைமுறையில் என்று அவருக்குத் தெரியாது. அதனால், உம்மாவின் பிறப்புப் பதிவைத் தேடுவோம் என்று நான் சொன்னபோது எனக்குள் ஒரு பயமும் இருந்தது. அந்தப் பாட்டனார் கூண்டு வெறுமையாக இருந்தால்?

என் நானா வேண்டாம் என்றார். “உம்மாக்கு எழுபது வயசு. ஜனவரியோ டிசம்பரோ, அவவுக்கு உம்றா செஞ்சா காணும். உன்ட ஆராய்ச்சிய அவவுட பாஸ்போட்டில செய்யாத” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. புத்தளத்துப் பிரதியை எடுப்பது ஒரு நாள் வேலை. உண்மையான பதிவு கிடைத்துவிட்டாலோ, அடையாள அட்டை, கடவுச்சீட்டு இரண்டோடும் அது முரண்படும். எல்லாவற்றையும் திருத்தவேண்டும். இல்லாத பத்திரத்தை விட, முரண்படும் பத்திரம் பெரிய கரைச்சல். ஆனால் உம்மா ஒரு சொல்லில் நின்றார். “இல்லாட்டி இல்ல எண்டு தெரியோணும்.”

நயினாதீவு, புங்குடுதீவு, வேலணை மூன்றும் வேலணைப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் வரும். ஊர்காவற்றுறைக்கும் நெடுந்தீவுக்கும் தனிச் செயலகங்கள். பதிவு எண்ணோ திகதியோ தெரியாவிட்டால் தேடுதல் விண்ணப்பம் போடவேண்டும். ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு வருடக் கொப்பிகள் வரைதான் பார்ப்பார்கள். ஆகவே வருடத்தை நாங்கள் நெருக்கிப் பிடிக்கவேண்டியிருந்தது. உம்மாவிடம் இரண்டு ஆதாரம் இருந்தது. ஒன்று, புயல். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அள்ளிக்கொண்டு போன அந்தப் புயல் அடித்தபோது தனக்கு ஒன்பது முடிந்து பத்து நடந்தது என்பார். மற்றது, தன்னுடைய உம்மா சொல்லிக் கேட்டது: நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை பிறந்த பிள்ளை. ஹிஜ்ரி 1374 ஷவ்வால் தலைப்பிறை 1955 மே 23 அல்லது 24. கணக்குப் போட்டு 1955, 1956 என்று எழுதிக் கொடுத்தேன்.

கொப்பி இல்லாவிட்டாலும் கவலைப்படத் தேவையில்லை என்று அங்கேதான் ஒருவர் விளக்கினார். பதிவு எப்போதும் இரண்டு பிரதி. ஒன்று மாவட்டத்தில் இருக்கும், மற்றது கொழும்பில் பதிவாளர் நாயகத்தின் மத்திய பதிவறையில். நான் வாயடைத்துப்போனேன். 1993இல் நாங்கள் ‘பதிவு இல்லை’ என்று சொல்லி உத்தேசம் வாங்கிய நாளில், உம்மாவின் பிறப்பு கொழும்பில் ஒரு அலுமாரியில் இருந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தை இழந்தால் எல்லாம் இழந்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குச் சொல்ல ஆளில்லை, கேட்கவும் தெரியவில்லை.

பெயரில் சிக்கல் வந்தது. நம் பெண்களின் பெயர் பத்திரத்துக்குப் பத்திரம் மாறும். உம்மா, பீவி, நாச்சியா என்ற ஒட்டுக்கள் வரும், போகும். மர்யம் ஒரு இடத்தில் மரியம், இன்னொரு இடத்தில் மரியம்பு. அட்டையில் பீவி என்று முடியும் என் உம்மாவின் பெயர் கொப்பியில் உம்மா என்று முடிந்தது. அந்தப் பதிவாளர் அயலில் இருந்த தமிழர். காதில் விழுந்தபடி நல்ல தமிழில் எழுதியிருக்கிறார். ஹ எல்லாம் அ ஆகவோ க ஆகவோ போய்விட்டது. தமிழ் படித்தவன் என்ற முறையில் அந்தக் கொப்பியை ஒலிமாற்றத்துக்கு எடுத்துக்காட்டாகவே வகுப்பில் காட்டலாம். ஆனால் ஒரு எழுத்து மாறினால் இன்றைக்குக் கணினி ஆளை ஏற்றுக்கொள்ளாது.

காவினைக் கொண்டு உறுதிப்படுத்தலாமா என்றும் பார்த்தோம். உம்மாவின் விவாகம் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் கீழ் பதியப்பட்டது. பிரதி எடுத்தோம். வாப்பாவின் ஒப்பம் இருக்கிறது. வலியின் ஒப்பம் இருக்கிறது, சாட்சிகளின் ஒப்பம் இருக்கிறது. உம்மாவின் ஒப்பம் இல்லை. அந்தச் சட்டம் அதைக் கேட்கவில்லை. இது பற்றிய விவாதம் நம்மிடையே வேறு தளத்தில் நடக்கிறது. நான் அதற்குள் போகவில்லை. வரலாற்றைத் தேடுகிறவனாக மட்டும் சொல்கிறேன்: முப்பத்தெட்டு வயதில் அகதி முகாமில் அடையாள அட்டை விண்ணப்பத்தில் போட்டதுதான், அரசாங்கப் பத்திரமொன்றில் என் உம்மாவின் முதல் கையெழுத்து. அந்தப் பத்திரத்தில் பிறந்த நாளும் ஊரும் பிழை.

பதிவு கிடைத்தது. 1955 மே 27. நயினாதீவு. தகப்பனின் தொழில் சங்கு வியாபாரம். இனம் இலங்கைச் சோனகர். பாட்டனார் கூண்டு வெறுமையாக இல்லை: பிறந்தது 1894, அதே தீவு. கீழக்கரைக் கதை பொய்யென்று இதனால் ஆகாது. அதற்கும் முந்திய தலைமுறைக்குப் போகிறது, அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தைப் பற்றி வாய்க்கதையைத் தாண்டி எழுத்தில் கிடைத்த மிகப் பழைய வருடம் அந்த 1894.

பிரதி, மூலக் கொப்பியிலிருந்து படமெடுத்துத் தந்தது. அதனால் அறிவித்தவரின் ஒப்பம் அப்படியே விழுந்திருந்தது. உம்மாவின் வாப்பாவை (எங்கள் வழக்கில் அவர்தான் ‘அப்பா’) நான் கண்டதில்லை. நான் பிறப்பதற்கு முன் மவுத்தாகிவிட்டார். அவர் எழுதப்படிக்கத் தெரியாதவர் என்றுதான் குடும்பத்தில் சொல்வார்கள். பதிவாளர் நீட்டிய பேனையால் அவர் வலமிருந்து இடமாக எழுதியிருக்கிறார். அரபு எழுத்து. நான் முதலில் அரபு என்றே நினைத்தேன். கூர்ந்து பார்த்தபோது, தன் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவில் ‘இப்னு’ இல்லை. ‘மகன்’ என்று இருக்கிறது. மீம், காஃப், நூன். தமிழ்ச் சொல், அரபு எழுத்தில்.

அறபுத்தமிழ் என்றால் மார்க்க நூல்கள்தான் நம் நினைவுக்கு வரும். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்றவர்கள் அதில் எழுதிக் குவித்தார்கள். அவர் இலங்கைக்கும் வந்து பள்ளிகளும் தக்கியாக்களும் அமைத்தவர். அந்த எழுத்து ஓதல் பள்ளிக்கு வெளியே எவ்வளவு தூரம் புழங்கியது என்பதற்கு நம்மிடம் சான்று குறைவு. 1955இல், நயினாதீவில், ஒரு சங்கு வியாபாரி அரசாங்கக் கொப்பியில் அதில் ஒப்பமிட்டிருக்கிறார். பதிவாளரும் அதை ஏற்று, பெருவிரல் அடையாளம் கேட்காமல் விட்டிருக்கிறார். அவர் எழுத்தறிவில்லாதவர் என்ற எங்கள் குடும்பக் கதை பிழை. அவருக்குத் தெரிந்த எழுத்தை நாங்கள் எழுத்தென்று எண்ணவில்லை.

பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் வடபுல முஸ்லிம்களின் இழப்பைக் கணக்கெடுக்கத் தன் காலத்தின் பெரும்பகுதியைக் கொடுத்தார். 2011இல் சட்ட மற்றும் சமூக நிதியத்தின் ஏற்பாட்டில் வந்த குடிமக்கள் ஆணைக்குழு அறிக்கையும் நம் கையில் உண்டு. வீடு, காணி, கடை, நகை எல்லாம் அவற்றில் வருகின்றன. நான் இங்கே சொல்வது அவற்றோடு சேர்க்க வேண்டிய இன்னொரு வேலை. கடவுச்சீட்டுக்காக, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதற்காக, காணிக்காக, எத்தனையோ குடும்பங்கள் இந்த முப்பத்தைந்து வருடத்தில் தேடுதல் விண்ணப்பம் போட்டுப் பதிவுப் பிரதிகள் எடுத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அவை பொலித்தீன் பைக்குள் போகின்றன. தீவகத்து முஸ்லிம்களின் தொழில், இடப்பெயர்வு, கொள்வனை கொடுப்பனை, எழுத்து எல்லாம் அந்தப் பைகளுக்குள்தான் கிடக்கிறது. உங்கள் வீட்டில் பாட்டனார் கூண்டு நிரப்பிய ஒரு பிரதி, அல்லது அரபு எழுத்தில் ஒப்பமிட்ட ஒரு பிரதி இருந்தால், இவ்விதழுக்கு ஒரு படம் அனுப்புங்கள். அந்தரங்க விபரங்களை மறைத்துவிட்டு அனுப்பினால் போதும்.

உம்மாவின் காரியம் இன்னும் முடியவில்லை. பதிவு கிடைத்தவுடன் அவருக்கு வந்த முதல் கேள்வி வேறு: “அப்ப நான் இத்தன வருசமும் பொய் சொல்லி இருக்கிறனா?” ஒரு ஆலிமிடம் கேட்டோம். தெரியாமல் சொன்னதில் குற்றமில்லை, தெரிந்த பிறகு திருத்துவது நல்லது என்றார். சட்டமும் அதையேதான் சொல்கிறது. பதிவு இல்லாதவருக்குத்தான் உத்தேசம். நானா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, சத்தியக் கடதாசிக்கு முத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். பெயர் இரண்டும் ஒருவரே என்று அதில் எழுதினோம். அடையாள அட்டையைத் திருத்தும் விண்ணப்பம் கிராம உத்தியோகத்தரின் கையெழுத்தோடு போயிருக்கிறது. அது வந்த பிறகுதான் கடவுச்சீட்டு.

உம்றாக் குழுவினர் போன மாதம் ஆட்களைச் சேர்த்தார்கள். பட்டியலில் தன் பெயரைப் போட வேண்டாம், அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று உம்மாவே ரெலிபோனில் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு என்னிடம் திரும்பி, புது அட்டையில் எண் என்னவென்று வரும் என்று கேட்டார். இப்போது பன்னிரண்டு இலக்கம் உம்மா, 1955 என்று முழு வருடமும் வரும், அதற்கு அடுத்தது 648 என்றேன். “அதில எங்க பெருநாள்?” என்றார். மே 27 அந்த வருடத்தில் 148ஆவது நாள், பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்துத்தான் எண்ணுவார்கள், பொம்பிளைக்கு ஐந்நூறு கூட்டுவார்கள் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “சரி, எழுதி வை” என்றார்.